கைக்குழந்தைக்குக் கொழும்புச் செய்தி

எங்கள் குடும்பத்தில் மூன்று கைக்குழந்தைகள் டிவி முன்னால் வளர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். முதலாவது, 1983-இல் என் தங்கச்சி. இரண்டாவது, 2000-இல் என் மகள். மூன்றாவது, மகளின் மகன். அவனுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. மூவரில் ஒருவர்கூடத் தாமாக டிவியைப் போட்டதில்லை. போடச் சொல்லிக் கேட்கப் பேச்சும் வந்திருக்கவில்லை. ஆனாலும் மூன்று காலத்திலும் வீட்டில் கேட்ட புகார் ஒன்றுதான்: "பிள்ளை டிவியே கதின்னு கிடக்கு."

இதற்கு யார் காரணம் என்று மூன்று தடவையும் விசாரணை நடந்தது. மூன்று தடவையும் பெரியவர்கள் எல்லோரும் விடுதலை.

மெட்ராசுக்குத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே வந்துவிட்டது. தூத்துக்குடிக்காரர்களான எங்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த அலை இவ்வளவு தூரம் எட்டாது. எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது கொழும்பு. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியதும், கடலுக்கு இந்தப் பக்கம் வசதியுள்ள வீட்டு மொட்டைமாடிகளில் ஆன்டெனாக் கம்பங்கள் முளைத்தன. நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிய உயரமான குழாய், உச்சியில் கொழும்பைப் பார்த்த ஆன்டெனா, அதற்கொரு பூஸ்டர். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். படிக்கட்டில் ஒருவர் நின்று செய்தி கடத்துவார். கீழே ஒருவர் பெட்டியைப் பார்த்துக் கத்துவார்.

"இப்பத் தெரியுதா?"

"இல்ல, புள்ளிதான்."

"இப்ப?"

"ஆளு தெரியுது. தலை தெரியல."

எங்கள் தெருவில் டிவி இருந்தது, கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி வீட்டில். கறுப்பு வெள்ளை சாலிடேர். மரப்பெட்டி, இரண்டு பக்கமிருந்தும் இழுத்து மூடும் ஷட்டர், அதற்கு ஒரு பூட்டு. சாவி அண்ணாச்சியின் இடுப்பில். டிவி வைத்துக்கொள்ளத் தபாலாபீசில் லைசென்ஸ் எடுக்கவேண்டியிருந்த காலம் என்பதால், அந்தச் சாவிக்குத் தனி கம்பீரம் உண்டு. சாயங்காலம் நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி வந்து பூட்டைத் திறப்பார். அதுவரை தெரு காத்திருக்கும்.

அடுப்படி வேலையை முடித்துவிட்டு அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். அங்கே உட்காரும் வரிசைக்கு எழுதாத சட்டம் இருந்தது. அண்ணாச்சிக்கும் அவர் வயது ஆட்களுக்கும் நாற்காலி. பொடியன்களுக்குச் சிமெண்டுத் தரை. அதுவும், "தள்ளி உட்காருங்கலே, கண்ணு அவிஞ்சு போயிரும்" என்ற எச்சரிக்கையோடு. கைப்பிள்ளைக்காரிகளுக்குப் பின்வாசல் நிலையை ஒட்டிய இடம். பிள்ளை அழுதால் எழுந்து போகத் தோதான இடம் அதுதான். அழுதால் அண்ணாச்சி வாய் திறக்கமாட்டார். கழுத்தை மட்டும் லேசாகத் திருப்புவார். அம்மா வெளியே வந்துவிடுவாள். வேப்பமரத்தடியில் நின்று, தோளில் தட்டி, காக்காயைக் காட்டி, நிலாவைக் காட்டி, அதோடும் இதோடும் பேசி, பிள்ளை அடங்கியதும் உள்ளே போனால் அங்கே நிகழ்ச்சியே மாறியிருக்கும்.

ஆக, 1983-இல் ஒரு கைக்குழந்தை எவ்வளவு நேரம் டிவி பார்க்கலாம் என்பதை நாலு பேர் தீர்மானித்தார்கள்: சாவி வைத்திருந்த அண்ணாச்சி, அலையைக் கொண்டுவந்த கடல்காற்று, சொல்லாமல் போகிற கரண்டு, அழத் தெரிந்த குழந்தை. மருத்துவர் எவரும் இந்தக் குழுவில் இல்லை, தேவைப்படவும் இல்லை. இன்றைக்கு உலகத்து மருத்துவர்கள் கூடி எழுதுகிற விதிகளை எல்லாம் எங்கள் தெரு அன்றே ஏறக்குறையக் கடைப்பிடித்தது. வேறு வழியில்லாமல் கடைப்பிடிக்கிற ஒழுக்கத்துக்குத்தான் ஆயுசு கெட்டி.

தங்கச்சிக்கு மிகவும் பிடித்தது சிங்களச் செய்தி என்று எங்கள் ஆச்சி கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு உட்கார நேரம் கிடைத்தபோது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது அதுதான் என்பதை ஆச்சி கணக்கில் எடுக்கவில்லை. கண்ணிமைக்காமல் அது செய்தி பார்க்கிற அழகை நாலு பேரிடம் சொன்னாள். "இதுக்கு எல்லாம் வெளங்குது. பேசாம கொழும்புல கட்டிக் குடுத்திருவோம்." பிறகு தங்கச்சிக்குப் பேச்சு வந்தபோது வந்தது சுத்தத் தூத்துக்குடித் தமிழ். சிங்களத்தில் ஒரு வார்த்தையும் ஒட்டவில்லை.

இருபது வருஷம் கழித்து, 2003-இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பேட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழு இதையே முறைப்படி சோதித்து வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு சீனமொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை ஆட்டிப் பேசினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் அதே மாதிரிப் பேசுவது டிவியில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீனமொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. டிவியில் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. சீனமொழியைக் கேட்டே இராத குழந்தைகளின் அளவில்தான் நின்றன. ஆச்சி கொழும்பில் மாப்பிள்ளை தேடாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

அப்புறம் கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது; எங்களுக்கும் தூர்தர்ஷன் தெரிந்தது; வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தது. 1987 ஜனவரியில் 'ராமாயணம்' தொடங்கியபோது டிவிக்குச் சூடம் காட்டிய வீடுகள் உண்டு. சூடம் காட்டும்வரைக்கும் டிவி விருந்தாளிதான். வருகிற நேரத்துக்கு வந்து, போகிற நேரத்துக்குப் போய்விடும். 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கி, தெருவுக்குத் தெரு கேபிள்காரர் வயரை இழுத்துக் கட்டிய பிறகு, விருந்தாளியின் பெயர் ரேஷன் கார்டில் சேர்ந்துவிட்டது.

என் மகள் பிறந்தது டிவி அப்படிக் குடியேறிவிட்ட வீட்டில். அவள் பிறப்பதற்குச் சற்று முன்பு உலகத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1999 ஆகஸ்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி, இரண்டு வயதுக்குக் கீழே டிவி வேண்டாம் என்று பெற்றோரிடம் வலியுறுத்தும்படி தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் சன் டிவியில் 'சித்தி' சீரியல் தொடங்கியது. இரண்டில் எது எங்கள் தெருவுக்கு முதலில் வந்து சேர்ந்தது என்று சொல்லவேண்டியதில்லை. முதலாவது செய்தி வந்து சேர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அப்போது என் அம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் பல இருந்தன. ஒத்துப்போன ஒரே விஷயம் ராத்திரி சீரியல். அந்த நேரத்துக்கு வீட்டில் சண்டைநிறுத்தம். மகள் ஒரு மடியில் இருப்பாள். விளம்பரம் வந்ததும் மறு மடிக்கு மாற்றப்படுவாள். சோறு ஊட்டுவது, கொட்டாவி விடுவது, தூங்கப் போவது எல்லாம் கதையின் போக்குப்படி. தலைப்புப் பாட்டு ஒலித்தால் போதும். எந்த மூலையில் எப்படி அழுதுகொண்டிருந்தாலும் சட்டென்று நிறுத்தித் தலையைத் திருப்புவாள். "அறிவு பாத்தீங்களா! பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கா!" என்று இரு தரப்பும் சேர்ந்து மெச்சியது. எனக்குத் தெரிந்து மாமியாரும் மருமகளும் சேர்ந்து கொடுத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அது.

நான் பார்த்தது செய்தி. செய்தி பார்ப்பது பொது அறிவு, சீரியல் பார்ப்பது பொழுதுபோக்கு என்று வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. இயற்றியவன் நான்; என்னைத் தவிர யாரும் அதை ஏற்கவில்லை. செய்தி நேரத்தில் மகள் என் மடியில் இருப்பாள். அந்த நேரத்துக்கு அவள் பார்த்தது பொது அறிவுக் கணக்கில் சேரும்.

இந்தக் காலத்தில்தான் ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. அண்ணாச்சி வீட்டில் சட்டம், அழுதால் வெளியே. எங்கள் வீட்டில் சட்டம், அழுதால் டிவி. ஒரே அழுகைதான், பலன் தலைகீழ். அது தூத்துக்குடியோடு நிற்கவுமில்லை. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. ஒன்பது மாதத்தில் அதிகமாகச் சிணுங்கி, தூங்காமல் படுத்திய குழந்தைகளே இரண்டு வயதில் அதிக நேரம் திரை பார்த்தன என்றது அது. சமர்த்துப் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை; படுத்துகிற பிள்ளைக்குப் பெட்டி. இதில் பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. அதைக் கற்றுக்கொள்ள மட்டும் அதற்குச் சியாட்டில் ஆசிரியர் தேவையில்லை.

2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி வந்தது. அந்த ஆண்டே கொடுக்கத் தொடங்கி, ஐந்து வருஷத்தில் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடு வீடாகப் போயின. அடுத்த வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்த மனிதர்களுக்குத் தங்கள் வீட்டிலேயே 14 அங்குலம் கிடைத்தது கௌரவமான காரியம். அதில் சந்தேகமில்லை. அதோடு இன்னொன்றும் நடந்தது. டிவி பார்க்கத் தெருவில் இறங்கி நடக்கவேண்டிய கடைசித் தாயும் நடப்பதை நிறுத்தினாள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேற இனிமேல் அடுத்தவர் வீடு கிடையாது.

இப்போது பேரன். மகளும் மாப்பிள்ளையும் சென்னையில், நாவலூர் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். சட்டப்படியான 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்ததும் மகள் வேலைக்குத் திரும்ப, நானும் மனைவியும் மூட்டை கட்டி வந்து சேர்ந்தோம். மனைவி இப்போது ஆச்சி, நான் தாத்தா. ஹாலில் டிவி சுவரை அடைத்து மாட்டியிருக்கிறது. ஷட்டர் இல்லை, பூட்டு இல்லை. சாவிக்குப் பதிலாக ரிமோட். அது எந்த இடுப்பிலும் இல்லை, எல்லார் கையிலும் இருக்கிறது.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் சொல்லிவிட்டார்: இரண்டு வயது முடியும்வரை டிவி, போன் எதுவும் கூடாது. அதன்பிறகு ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். இந்தியக் குழந்தை மருத்துவர் அகாடமி சொல்வது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. மகள் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். குடும்பம் கூடி ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. எங்கள் வீட்டில் ஏகமனதாக ஏற்கப்படும் எதற்கும் மறுநாளே திருத்தங்கள் வரும்.

முதல் திருத்தம் என்னுடையது. ராத்திரி விவாத நிகழ்ச்சி பார்ப்பவன் நான். பேரன் முதுகைத் திருப்பிக்கொண்டு பாயில் விளையாடுகிறான். "நான்தானம்மா பாக்கேன், அவன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல" என்றேன். மகள் பதிலுக்கு ஓர் ஆய்வைப் படித்துக் காட்டினாள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2008-இல் வெளியானது. ஒன்று முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளைப் பொம்மைகளோடு விட்டு, அறையின் ஓரத்தில் 'ஜெப்பர்டி' என்ற பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். குழந்தைகள் அதை அபூர்வமாகத்தான் ஏறிட்டுப் பார்த்தன. ஆனால் டிவி ஓடாத நேரத்தோடு ஒப்பிட்டால் விளையாட்டு துண்டு துண்டாகிப்போனது. ஒரு பொம்மையில் கவனம் நிற்கும் நேரமும் சுருங்கியது. வினாடி வினாவுக்கே இந்தக் கதி. நான் பார்ப்பதில் ஆறு பேர் ஒரே சமயத்தில் கத்துகிறார்கள். சத்தத்தைக் குறைத்து வைப்பது என்று சமரசம் ஆயிற்று. குறைத்தால் எனக்குக் கேட்பதில்லை என்பதால், சமரசம் ஏட்டளவில் நடைமுறையில் இருக்கிறது.

இரண்டாவது திருத்தம் ஆச்சியுடையது. பருப்புஞ்சோறு இறங்கவேண்டுமே. தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்து, பாட்டைப் போட்டால் வாய் தானாகத் திறக்கிறது. என்ன சாப்பிடுகிறோம் என்று அறியாமலே கிண்ணம் காலி. "ஒரு வாய் உள்ள போகட்டும், அப்புறம் உங்க சட்டத்தைப் பேசுங்க" என்கிறாள். வயிறு சம்பந்தப்பட்ட வழக்கில் ஆச்சியை வென்றவர் எங்கள் வம்சத்தில் கிடையாது.

மூன்றாவது, மாப்பிள்ளையுடையது. அவர் படித்தவர், வெறும் டிவி காட்டமாட்டார். "மாமா, இது எஜுகேஷனல்" என்பார். இதே சென்னையில் 2013-இல் தொடங்கிய சூச்சூ டிவியின் குழந்தைப் பாடல்கள் இன்று உலகமெங்கும் ஓடுகின்றன. அது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பல் முளைக்கிற பிள்ளைக்குக் கல்வி என்ற நம்பிக்கை புதிதில்லை. அமெரிக்காவில் 'பேபி ஐன்ஸ்டீன்' வீடியோக்கள் அந்த நம்பிக்கையில்தான் வீடு வீடாக விற்றன. அதை வாங்கி நடத்திய டிஸ்னி நிறுவனம் 2009-இல், வேண்டாதவர்கள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிக்கவேண்டி வந்தது. ஐன்ஸ்டீன் ஆகாத பிள்ளைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக அறிவிக்கவில்லை.

நான்காவது, சட்டத்தை ஒட்டியவளுடையது. ஆபீஸ் மீட்டிங்கில் அவள் பேசவேண்டிய முறை வரும்போது பேரன் கத்துவான். அப்போது நாங்கள் இருவரும் காய்கறிக் கடையில் இருப்போம். அந்த நிமிஷத்துக்கு மட்டும் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 2007-இல் அமெரிக்காவில் ஆயிரம் வீடுகளில் விசாரித்தபோது, மூன்று மாதத்திலேயே பத்தில் நான்கு குழந்தைகள் வழக்கமாகத் திரை பார்ப்பது தெரிந்தது. ஏன் காட்டுகிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்கள்: பிள்ளைக்கு நல்லது, பிள்ளைக்குப் பிடிக்கிறது, எனக்குக் கொஞ்சம் கை ஒழிகிறது. மாப்பிள்ளையையும் ஆச்சியையும் மகளையும் அவர்கள் எங்கே பேட்டி எடுத்தார்கள் என்றுதான் புரியவில்லை.

ஐந்தாவது திருத்தம் மட்டும் முறைப்படி செல்லும். அமெரிக்க அகாடமி 2016-இல் விதியைப் புதுப்பித்தபோது, பதினெட்டு மாதத்துக்குக் கீழேயும் வீடியோ காலுக்கு விலக்கு கொடுத்தது. மெல்பர்னில் இருக்கிற என் தங்கச்சி, அதாவது ரூபவாகினி பார்த்து வளர்ந்த அதே கைக்குழந்தை, வாரம் தவறாமல் அந்த வழியாக வருகிறாள். பேரனைக் கொஞ்சிவிட்டு அடுத்து என்னைப் பிடிப்பாள்.

"அண்ணே, பின்னால என்ன சத்தம்? டிவியா? பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டுல டிவி போடலாமா?"

"நீ சிங்களச் செய்தி பார்த்தே வளந்தவ. நல்லாத்தான இருக்க?"

"அது அண்ணாச்சி வீட்டு டிவி. ஆஃப் பண்ணிட்டா அனுப்பிருவாங்க. உங்க வீட்டு டிவி எப்ப ஆஃப் ஆகுது?"

கேள்வி நியாயமானது. அண்ணாச்சி வீட்டில் அவளுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரச் சிங்களம். அழுது வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் கிடைத்தது அம்மாவின் பேச்சு. டிவி காதில் விழும்படி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்திலும், சிறு குழந்தை கேட்கிற பெரியவர் பேச்சு நூற்றுக்கணக்கான சொற்கள் குறைந்துபோகிறது என்று 2009-இல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற மருத்துவரின் குழு கணக்கிட்டுச் சொன்னது. குழந்தை தானும் குறைவாகவே சத்தம் எழுப்புகிறது. எங்கள் ஹாலில் ஆள் குறைவில்லை. தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா என்று நாலு வாய் இருக்கிறது. நாலும் திரையைப் பார்த்துத் திறந்திருக்கின்றன.

மூன்று குழந்தைகளையும் பார்த்த பிறகு எனக்குத் தெரிவது இவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற சட்டமெல்லாம் குழந்தையின் வயதைப் போட்டு எழுதப்படுகிறது. அதை மீறுவது முப்பது வயதும் அறுபது வயதும். கைக்குழந்தைக்கென்று தனியாக டிவிப் பழக்கம் எதுவும் இல்லை. எந்த மடியில் இருக்கிறதோ அந்த மடியின் பழக்கம்தான் அதன் பழக்கம். அண்ணாச்சியின் இடுப்பிலிருந்த சாவி திரும்பி வரப்போவதில்லை. அந்தச் சாவியின் வேலையை இனிமேல் வீட்டுப் பெரியவர்கள்தான் செய்யவேண்டும்; எங்கள் வீட்டில் அதைத் தாத்தாவிடமிருந்து தொடங்குவதே நியாயம் என்று தங்கச்சி மெல்பர்னிலிருந்து தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் பல் முளைக்கிற பிள்ளை இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, பிள்ளை எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறது என்று டாக்டர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் முன், வீட்டில் நீங்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று கூட்டிப் பார்த்துக்கொண்டு போங்கள். பிள்ளையின் கணக்கு அதற்குள்தான் இருக்கும்.